ஒரு வேலைக்கும் ஆகாத அசைவுகள்

"வெரலு மடங்கலையாம். இவ போயி ஒயரச் சொருகி ஊரையெல்லாம் பேச வைக்கப் போறாளாக்கும்!"

என் அத்தை இதைச் சொன்னபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துச் சொன்னாரா, கேட்கட்டும் என்றே சொன்னாரா, தெரியாது. முற்றத்தில் அவரோடு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "பேசாம அடுக்குங்க மதினி, இல வாடுது" என்றார்.

எங்களுக்குச் சின்னமனூர். ஐயாவும் அம்மாவும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகிறவர்கள். ஐயா கொடி கட்டுவார். அம்மாவும் அத்தையும் இலை கிள்ளி, எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து அடுக்கிக் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, சொந்தக் காசில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்ட முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. படித்த ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் நிறுத்தச் சொன்னார், நான் நிறுத்தவில்லை.

எக்ஸ்சேஞ்ச் வேலை முழுக்கக் கையில் இருக்கிறது. எதிரே பலகை. யாராவது போனைச் சுழற்றினால் அவர்கள் எண்ணுக்கு மேலே ஒரு சின்ன மூடி பட்டென்று விழும். ஒரு ஒயரின் முனையை அங்கே சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, அதன் ஜோடி ஒயரைக் கேட்ட எண்ணில் சொருக வேண்டும். காலையில் ஏலக்காய் வியாபாரிகளும் வெற்றிலை மண்டிக்காரர்களும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். மூடிகள் மழை மாதிரி விழும். இரண்டு கையும் நிற்காது.

நான் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருந்தேன். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த நேரத்தில்தான் விரல்கள் என்னை ஏமாற்ற ஆரம்பித்தன.

முதலில் ரவிக்கைக் கொக்கி போட வரவில்லை. பிறகு டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில், விரல் உள்ளங்கையோடு சேருகிற கணுக்களில் வீக்கம். தொட்டால் சூடு. சாயங்காலம் லேசான காய்ச்சலும், ஒன்றும் செய்யாமலே பகல் முழுக்க நாற்று நட்டவள் போன்ற அசதியும். காலை டியூட்டியில் ஒயர் கையிலிருந்து நழுவும். கூட வேலை பார்த்த பெண்ணிடம் சுளுக்கு என்றேன். நொச்சித் தழை வைத்து ஒத்தடம் கொடுத்தோம். எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். உருவ உருவ வீக்கம் அதிகமானது.

தேனியில் ஒரு டாக்டரிடம் ஐயா அழைத்துப் போனார். அவர் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "காலையில எந்திரிச்சா எவ்வளவு நேரம் கை புடிச்சுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டு, "அவங்க ஆத்தா ஒல வச்சு சோறு வடிக்கிற வரைக்கும் இருக்குங்கய்யா" என்றார்.

நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஐயா தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலும் மணிக்கட்டில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெஞ்சு கிடைக்காமல் தரையில் உட்கார்ந்தோம். பெயர் கூப்பிட்டபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலும் சேர்ந்துகொண்டிருந்தது. அம்மா என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார், சின்ன வயதில் வாய்க்கால் தாண்டத் தூக்கிய மாதிரி.

சோதனைகளில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நட்டமாக நிறுத்தி வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு கீழே இறங்கி, மேலே தெளிவாக நிற்கும். எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ உடம்புக்குள் அவ்வளவு அழற்சி இருக்கிறது என்று அர்த்தமாம். என்னுடையது கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியது. இன்னொரு ரத்தச் சோதனையும், கைகளுக்கு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

பெரிய டாக்டர் பெயரைச் சொன்னார்: ருமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம். 'முடக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"பேரைக் கேட்டுப் பயப்படாதீங்கம்மா," என்றார் டாக்டர். "நோயை எதுக்க உடம்புல காவல்நாய் மாதிரி ஒண்ணு இருக்கு. அது இந்தப் பொண்ணுக்கு ஆள் தெரியாம சொந்த மூட்டையே கடிக்குது. அடியோட போக்க மருந்து இல்ல. அடக்கி வைக்க மருந்து இருக்கு. கூடவே பயிற்சி செய்யணும். மருந்தை நாங்க தருவோம், பயிற்சியை அவதான் செய்யணும்."

"வேலைக்குப் போகலாமா சார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"மொதல்ல கை மடங்கட்டும்" என்றார்.

வார்டில் சேர்த்துக்கொண்டு, ஆஸ்பிரின் மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு கைநிறையக் கொடுத்தார்கள். சில நாளில் காதுக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. எக்ஸ்சேஞ்ச் நினைப்பில் வருகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். நர்ஸ் தற்செயலாகக் கேட்டபோது சொன்னேன். உடனே அளவைக் குறைத்தார்கள். காதில் இரைச்சல் கேட்டால் மருந்து கூடிவிட்டது என்று பொருளாம். இதைப் படிக்கிறவர்கள் என்னைப் போல மறைக்க வேண்டாம்.

வாரத்துக்கு ஒருமுறை தங்க ஊசி. நிஜமாகவே தங்கத்தின் உப்பு கலந்த மருந்து. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் சிறுநீரகம் தாங்குகிறதா என்று சிறுநீர் சோதிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அத்தையிடம் அம்மா இதைச் சொல்லியிருக்கிறார்.

"தங்கமா? கழுத்துக்கு ஒரு குண்டுமணி வாங்க வக்கில்லாத வீட்டுல இடுப்புல ஏத்துறாகளா தங்கத்த?" அத்தை என் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏத்தா பாண்டி, ஒன்னய இனி ஒரசிப் பாத்துத்தான் கட்டிக்குடுக்கணும்."

வார்டு முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம். ஆனாலும் நானும் சிரித்துவிட்டேன். அத்தை போன பிறகு பார்த்தால் தலையணை ஓரத்தில் ஒரு மடி நிறைய கொடிக்காப்புளி வைத்துவிட்டுப் போயிருந்தார். கொட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தது.

பயிற்சி அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே பயிற்சி கொடுப்பவர் ஏலியாம்மா. குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பெண், என் வயதுதான் இருக்கும். உருகிய மெழுகுத் தொட்டியில் என் கையை முக்கி எடுப்பார். மெழுகு உறை மாதிரி படியும். மறுபடியும் முக்குவார். துண்டைச் சுற்றி வைத்தால் சூடு மெல்ல எலும்புவரை இறங்கும். உரித்த பிறகு விரல்கள் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அப்போதுதான் பயிற்சி.

பயிற்சி என்றதும் பள்ளிக்கூட டிரில் மாதிரி நினைத்திருந்தேன். இது வேறு. உள்ளங்கையை மேசையில் பரப்பி ஒவ்வொரு விரலாகத் தூக்குவது. கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரு வளையம் செய்வது. முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, காலை அசைக்காமலே தொடையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்துவது. மூட்டு சும்மா இருக்க, அதைத் தாங்குகிற தசை மட்டும் வேலை செய்கிறது. கையைத் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கி இறக்குவது.

எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் காரியமில்லாமல் கையைத் தூக்கிப் பார்த்ததில்லை. கை உயர்ந்தால் அங்கே ஒரு கொடி இருக்கும். குனிந்தால் ஒரு கூடை இருக்கும். நான் காற்றைத் தூக்கிக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன்.

நான்கு பேர் பார்க்கிறார்கள் என்று வேகவேகமாகச் செய்து முடிக்கப் பார்த்தேன். ஏலியாம்மா என் மணிக்கட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுத்து நிறுத்தினார். "மதி, மதி. இது ஓட்டப் பந்தயம் அல்ல."

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். மலைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய; எனக்கு அது தெரிந்த சொல்தான். ஆனால் என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

தூங்கும்போது மணிக்கட்டு கோணாமல் இருக்க மாவுக்கட்டில் செய்த தொட்டில் மாதிரி ஒன்றைக் கட்டிவிடுவார்கள். வீக்கம் வடிந்தது. டம்ளரை ஒரு கையால் பிடித்தேன். வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். "காலை டியூட்டி ஒத்துக்காது. அப்படின்னு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார்" என்றேன். நோய்க்காரி என்று எழுதிய காகிதத்தோடு போய் நிற்க எனக்கு மனமில்லை. பலம் வந்ததும் வந்து, வேலைக்குத் தகுதி என்று மட்டும் எழுதிய சான்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இருப்பது ஒரே அறை. பயிற்சிக்கு இடம் முற்றம்தான். முற்றத்தில் வெற்றிலை, வெற்றிலையைச் சுற்றிப் பெண்கள். முதல் நாள் பாயைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து கையைத் தூக்கினேன்.

"ஆரக் கும்புடுறா?" என்றார் அத்தை.

"வானத்துல கொடி கட்டுறா" என்றாள் இன்னொருத்தி.

"காத்தப் பெசஞ்சு ரொட்டி சுடப் போறா. படிச்ச புள்ளயில்ல, அதான் சும்மா கெடந்தாலும் ஒரு தினுசா கெடக்கா."

பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா பின்னாலேயே வந்தார். "ஏன் தாயி, கைய ஆட்டணும், அம்புட்டுத்தான? காலையில எங்கூடக் கொடிக்காலுக்கு வா. மெதுவா ரெண்டு எல கிள்ளு. வந்து அடுக்கு. வெரலுக்கு வெரலும் ஆடும், ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா" என்றார்.

என் மானத்தைக் காப்பாற்ற அம்மா யோசித்த வழி அது. எனக்கும் அது சரியாகவே பட்டது. விரலைத் தூக்குவதும் இலை கிள்ளுவதும் ஒன்றுதானே? அதிலாவது கூடை நிறையும்.

கொடிக்காலில் இலை கிள்ளுவது வெயிலுக்கு முன்னால். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகளுக்கு இடையே தண்ணீர் ஓடும் வாய்க்காலில் நிற்க வேண்டும். கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டி, காம்பை ஒரு பக்கமாக அழுத்திக் கிள்ள வேண்டும். பிறகு முற்றத்தில், தண்ணீர் தெளித்த குளிர்ந்த இலைகளைக் காம்பு ஒரே பக்கம் வரும்படி அடுக்க வேண்டும். சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தது. "பாத்தியா, வேல செஞ்சா நோவு ஓடிப்போகும்" என்று அத்தையே பாராட்டினார். வலித்தது. ஆனால் நடவு நட்டால் யாருக்குத்தான் வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன். கூடை பாதியில் இருக்கும்போது எழுந்து போவதை எங்கள் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். நானும் செய்யவில்லை.

ஒரு காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. வலது முழங்கால் இளநீர்க்காய் போல வீங்கியிருந்தது. கட்டைவிரல் கணு தணலாகக் கொதித்தது. அம்மா ஊட்டித்தான் சாப்பிட்டேன்.

மறுபடியும் அதே பஸ், அதே கணவாய். இந்தமுறை ஐயா தன் தோளை எனக்குச் சாய்மானமாகக் கொடுத்துவிட்டு, மதுரை வரும்வரை அந்தத் தோளை அசைக்கவே இல்லை. அம்மா தன் மடியிலிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நாந்தான் கெடுத்துப்புட்டேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். இல்லை என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

முழங்காலிலிருந்து ஊசி வைத்துத் தண்ணீரை இழுத்தார்கள். சில நாட்கள் முழு ஓய்வு. பயம் வந்தது அப்போதுதான். நிரந்தரமாகும் முன்பே லீவு நீண்டுகொண்டு போனால் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்வாள். பிறகு கொடிக்காலும் ஆகாது, பலகையும் ஆகாது. 'இவ போயி ஒயரச் சொருகி' என்று அத்தை சொன்ன வாக்கியம்தான் மிச்சம்.

ஏலியாம்மா கட்டிலுக்கே வந்தார். கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எந்தா செய்தே?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று அம்மா எழுந்து நின்றுவிட்டார். ஏலியாம்மா திட்டவில்லை. இலையை எப்படிக் கிள்ளுவீர்கள் என்று அம்மாவைச் செய்துகாட்டச் சொன்னார். அம்மா வெறுங்கையில் கிள்ளிக் காட்டினார்.

"கண்டோ? ஒவ்வொரு எலைக்கும் வெரல் ஒரு பக்கமாத் தள்ளுது. வீங்கின மூட்டு அந்தப் பக்கமே சாஞ்சு போகும். அதுவும் காலையில, தண்ணியில, மூட்டு இறுகிக் கெடக்கிற நேரத்துல." பிறகு என்னிடம் திரும்பினார். "எப்ப நிறுத்துவே?"

"கூடை நிறைஞ்சா."

"அதாணு. கூட நெறஞ்சா நிறுத்துறது வேலை. மூட்டு மதின்னு சொன்னா நிறுத்துறது பயிற்சி. ரெண்டும் ஒண்ணு அல்ல."

அன்று அவர் சொன்னவற்றைத்தான் இந்த நோய் வந்த எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எழுந்தவுடன் பயிற்சி செய்யக்கூடாது. வெந்நீரில் கையை வைத்து, சாப்பிட்டு, மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். மூட்டு சூடாக, வீங்கி இருக்கிற நாட்களில் பாரம் கூடாது, உருவுவதும் கூடாது. எதுவரை தானாகப் போகிறதோ அதுவரை மெதுவாக ஓரிரு முறை அசைத்தால் போதும். ஆனால் அசைக்காமலே போட்டு வைத்தாலும் இறுகிவிடும். செய்யும்போது கொஞ்சம் இழுப்பது சரி. செய்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிட அதிகமாக இருந்தால் அது அளவு மீறியது. மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும், அடியோடு விட்டுவிடக் கூடாது. நடப்பது நல்லது, சமதரையில். குடத்தை விரலில் தூக்காமல் முன்கையில் அணைத்துத் தூக்க வேண்டும். எதையும் விரல் நுனியால் தள்ளாமல் உள்ளங்கையால் தள்ள வேண்டும்.

"ஒயர் சொருகுறதையும்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு பேனாவைக் கொடுத்துச் சொருகிக் காட்டச் சொன்னார். பிறகு என் பிடியை மாற்றினார். விரல்கள் வழிகாட்ட, உள்ளங்கை தள்ளும்படி. ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியின் ஓட்டையில் அந்தப் பேனாவைச் சொருகிச் சொருகிப் பழகினேன். மதி என்று மூட்டு சொன்னபோது நிறுத்தினேன்.

இந்தமுறை கிளம்பும்போது டாக்டர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்: "காலை டியூட்டி ஒத்துக்காதுன்னு எழுதித் தாங்க சார்."

வீட்டில் அம்மா முற்றத்தில் ஒரு பக்கத்தைப் பெருக்கி, பாயைத் தானே விரித்தார். வெற்றிலைப் பெண்களுக்கு நேர் எதிரே. "இங்கனயே செய்யி தாயி. சிரிக்கிறவ சிரிக்கட்டும்" என்றார். ஐயா கொடி கட்டும் வாழைநாரைச் சுற்றி என் பென்சிலைத் தடிமனாக்கி வைத்திருந்தார். பிடிக்க இதமாக இருந்தது.

சிரிக்கத்தான் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன், இறக்கினேன். ஏலியாம்மா சொன்ன மதியை அம்மா எல்லோருக்கும் சொல்லியிருந்தார் போல. நான் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிற நாட்களில் அத்தை இலையிலிருந்து கண்ணெடுக்காமலே குரல் கொடுப்பார்: "ஏத்தா ஆப்பரேட்டரு, ஒம் மூட்டு இன்னும் மதி சொல்லலையா?"

கேலிதான். ஆனால் பெரும்பாலும் சரியான நேரத்தில் வந்தது. நான் நிறுத்துவேன்.

போன திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்சுக்குப் போய் டாக்டரின் சான்றைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். பிற்பகல் டியூட்டி வேண்டும் என்று நானே கைப்பட எழுதிய விண்ணப்பத்தையும் சேர்த்து வைத்தேன். நோயின் பெயரை முழுதாக எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னும் கன்ஃபர்ம் ஆகல. இதெல்லாம் எழுதிக் குடுத்தா ஒன் ஃபைல்ல ஏறிடும்மா. யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன் சார். காலையில என் கையால வேகமாப் போட முடியாது. மதியத்துக்கு மேல யாருக்கும் குறையாமப் போடுவேன். உக்காந்து பாக்கச் சொல்லுங்க."

மேலே அனுப்புகிறேன், பதில் வரும்வரை மதியம் வந்து உட்கார் என்றார். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது.

அன்றே உட்கார்ந்தேன். முதல் மூடி விழுந்தது, ஒரு வெற்றிலை மண்டி. ஒயரை விரலால் தூக்கி உள்ளங்கையால் தள்ளினேன். "நம்பர் ப்ளீஸ்." போடி ஊருக்குக் கேட்டார்கள். கொடுத்தேன். மூன்று மணிக்கு மேல் பலகை ஓய்ந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் வாரப் பத்திரிகையைப் பிரித்தாள். நான் உள்ளங்கையைப் பலகை விளிம்பில் பரப்பி, விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தேன்.

"என்னடி பண்றே?" என்றாள்.

சுளுக்கு என்று சொல்லியிருக்கலாம். "எக்சர்சைஸ்" என்று சொல்லிவிட்டு, சுண்டுவிரலையும் தூக்கி முடித்தேன்.